பழைய பதிவுப் பெட்டியும் தீர்க்க வேண்டியிருந்த ஒரு கடனும்



காயல்பட்டினத்தில் உள்ள எம் இல்லத்துக் கூடத்தில், கிதாபுகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழ்த்தட்டில், ஒரு தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி 2010ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. மொட்டை மாடியில் உள்ள டிஷ் ஆன்டெனா வாங்கித் தரும் ஒளிபரப்பைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவதோடு, வேண்டிய நிகழ்ச்சியைத் தன்னுள் இருக்கும் ஹார்டு டிஸ்கில் பதிந்து வைக்கவும் அதனால் இயலும். துபையில் பணியாற்றும் எம் காக்கா விடுமுறையில் வந்திருந்தபோது பணம் கட்டி அதை வாங்கித் தந்தார்கள்.

அப்போது எம் வாப்பா உயிருடன் இருந்தார்கள். 40 ஆண்டுகள் மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர்கள். வீட்டில் தொலைக்காட்சி இருப்பதையே அரை மனத்தோடுதான் அனுமதித்திருந்தார்கள். இந்தப் பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒளிபரப்பை நிறுத்தி வைத்துவிட்டு, பின்னர் விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம் என்று காக்கா செய்து காட்டியதும் வாப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் பாங்கு சொன்னதும் நிறுத்திவிட்டுப் பள்ளிக்குப் போய்விடலாம், செய்தி எங்கேயும் ஓடிவிடாது" என்றார்கள். அன்று முதல் மஃரிப் பாங்கு ஒலித்ததும் அந்தப் பெட்டியை நிறுத்துவது வீட்டில் ஒரு வழக்கமாயிற்று. யார் முதலில் ரிமோட்டை எடுப்பது என்று பிள்ளைகள் போட்டியிடுவார்கள்.

2013ஆம் ஆண்டு ரமலானில், சஹர் நேர நிகழ்ச்சி ஒன்றில் உரையாற்ற வாப்பாவை அழைத்தார்கள். நிழற்படம் எடுத்துக்கொள்வதைக்கூட விரும்பாதவர்கள். கடவுச்சீட்டுக்கும் ஹஜ் பயணத்துக்கும் எடுத்தவை தவிர அவர்களுடைய படம் எதுவும் எம்மிடம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டார்கள். கடன் வாங்குவதன் ஒழுக்கங்களைப் பற்றி 22 நிமிடங்கள் பேசினார்கள். அதை நாம் பெட்டியில் பதிந்து வைத்தோம். 2016ஆம் ஆண்டு வாப்பா இறையடி சேர்ந்தார்கள். அதன்பின் அவர்களுடைய குரலும் அசைவும் இந்த உலகில் எஞ்சியிருந்தது அந்த 22 நிமிடங்களில் மட்டுமே.

எம் உம்மாவுக்கு வயது 70ஐக் கடந்துவிட்டது. ஒவ்வொரு ரமலானின் முதல் சஹரிலும் அந்தப் பதிவைப் போடச் சொல்வார்கள். உரையின் பொருளை உம்மா கேட்கிறார்களா என்பது எமக்கு ஐயம்தான். இடையில் ஓரிடத்தில் வாப்பா இருமிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தண்ணீர்க் குவளையை எடுப்பார்கள். அந்த இடம் வந்ததும் உம்மா சற்றே முன்னால் சாய்ந்து உட்காருவார்கள். அந்த இடத்துக்காகவே அவர்கள் பார்க்கிறார்கள் என்று நாம் அறிவோம்.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ரமலானுக்கு ஒரு மாதம் இருக்கையில், அந்தப் பெட்டி பழுதடைந்தது. சில நாட்களாகவே படம் அவ்வப்போது கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அதை நாம் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் காலை போட்டபோது சிவப்பு விளக்கு எரிந்து, பின் பச்சையாகி, உள்ளே ஏதோ சுழலத் தொடங்கும் ஓசை கேட்டு, உடனே அணைந்து, மறுபடியும் சிவப்பாயிற்று. இதே சுற்று ஓயாமல் தொடர்ந்தது. தொலைக்காட்சித் திரையில் எதுவும் வரவில்லை.

முந்தைய இரவு எம் மூத்த மகன் அதன் அருகில் அமர்ந்திருந்ததை நாம் கண்டிருந்தோம். அவனுக்கு 15 வயது. எந்தக் கருவியைக் கண்டாலும் திருகிப் பார்க்கும் இயல்புடையவன். பெட்டியின் பின்புறம் பென் டிரைவ் செருகும் துளை ஒன்று உண்டு; அதில் அவன் எதையோ செருகி, அதனால்தான் பெட்டி கெட்டது என்று எம் மனம் அக்கணமே தீர்ப்பு எழுதிவிட்டது. உம்மா, மனைவி, இளைய பிள்ளைகள் எல்லோரும் இருக்கையில் அவனைக் கடிந்துகொண்டோம். உன் அப்பாவின் குரலை அழித்துவிட்டாய் என்ற சொல்லும் எம் வாயிலிருந்து வந்தது.

"நான் பாடப் புத்தகம்தான் படிச்சிட்டிருந்தேன் வாப்பா, பெட்டியைத் தொடவே இல்லை. வல்லாஹி" என்றான்.

சத்தியம் செய்து தப்பிக்கப் பார்க்காதே என்று மேலும் சினந்தோம். "புள்ள சொல்றத ஒரு தடவை கேளு வாப்பா" என்று உம்மா சொன்னார்கள். நாம் கேட்கவில்லை. அவன் எழுந்து மாடிக்குப் போனான். அன்று மதியம் அவன் எம்மோடு அமர்ந்து உண்ணவில்லை.

ஒளிபரப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினோம். பணிவோடுதான் பதில் சொன்னார்கள். இவ்வளவு பழைய பெட்டியைப் பழுது பார்ப்பதில்லை, புதியதாக மாற்றித் தருகிறோம், ஆனால் பழைய பதிவுகள் புதிய பெட்டிக்கு வாரா என்றார்கள். ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கணினியில் இணைத்துப் பார்க்கலாமே என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். அவ்வாறே கழற்றி இணைத்தோம். இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று கணினி அறிவித்தது. ஆம் என்று அழுத்த உறவினரின் விரல் நகர்ந்தது. எதற்கும் பொறுங்கள் என்று நாம் தடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், அந்த ஒரு பொறுமையால்தான் பின்னால் நடந்தவை நடந்தன. அழுத்தியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

காரணத்தைப் பின்னர் அறிந்தோம். இத்தகைய பெட்டிகள், பதியும் நிகழ்ச்சியைப் பூட்டிய வடிவில், அதாவது குறியாக்கம் செய்து, டிஸ்கில் எழுதுகின்றன. அந்தப் பூட்டின் சாவி பெட்டியோடு பிணைந்தது. டிஸ்கை வேறு பெட்டியிலோ கணினியிலோ இணைத்தால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. கணினிக்கு அது வெற்று டிஸ்காகவே தோன்றும். ஆகவே வாப்பாவின் உரை வேண்டுமானால் அந்தப் பழைய பெட்டியே மீண்டும் உயிர்பெற வேண்டும். வேறு வழியில்லை.

அடுத்த ஊரான ஆறுமுகநேரியில் வானொலி, தொலைக்காட்சி பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அண்ணாச்சி என்றே எல்லோரும் அழைப்பார்கள். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருப்பவர். விவரத்தைச் சொன்னோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், டிஸ்க் குலுங்கக் கூடாது, நானே வருகிறேன் என்றார். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் வந்தார். விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும் என்றதும் மகனை அழைத்தோம். அவன் வந்தான், எம் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி முதலில் மின் இணைப்பைப் பிடுங்கச் சொன்னார். திருகாணிகளைக் கழற்றி மேல் மூடியை எடுத்ததும் உள்ளே கையை நீட்டப்போன எம்மைத் தடுத்தார். "பாய், வயரைப் பிடுங்கிட்டா கரண்டு போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. இந்தப் பெரிய கண்டன்சர் முந்நூறு வோல்ட்டுக்கு மேல பிடிச்சு வச்சிருக்கும்" என்று ஓர் உருளையைச் சுட்டிக் காட்டினார். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும்போது அது ஏறக்குறைய 325 வோல்ட்டாகிறது. அதைத் தேக்கி வைப்பது அந்த உருளை. மீட்டரை வைத்து அதன் மின்னழுத்தம் இறங்கிவிட்டதா என்று அளந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்கினார்.

உள்ளே 13 ஆண்டுகளின் தூசி படிந்திருந்தது. கடற்காற்றின் உப்பு சில இணைப்புகளில் பச்சையாகப் பூத்திருந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடுகள் கிடந்தன. மகன் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தான். மின்வழங்கிப் பலகையின் ஓரத்தில் வரிசையாக நின்ற சிறு கண்டன்சர்களில் மூன்றின் தலை மட்டும் புடைத்திருந்தது. மற்றவற்றின் தலை தட்டையாக, சிலுவைக் கோடு போட்டது போல் இருந்தது. புடைத்தவற்றில் ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறக் கசிவும் காய்ந்திருந்தது.

அண்ணாச்சி விளக்கினார். இந்தக் கண்டன்சருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வெப்பத்தில் அது மெல்ல மெல்ல வற்றும். வற்ற வற்ற மின்னழுத்தத்தைச் சமமாக வைத்திருக்கும் ஆற்றல் குறையும். பெட்டி சும்மா இருக்கும்போது இது வெளியே தெரியாது. ஆனால் ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும். அப்போது 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம் சரிந்துவிடும். உடனே பெட்டி தடுமாறி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு என்று நாம் கண்ட சுற்று இதுதான்.

இது எப்போது கெட்டிருக்கும் என்று நாம் கேட்டோம். எம் குரலில் இருந்த உள்நோக்கத்தை அவர் அறிய வாய்ப்பில்லை.

"ஒரு நாள்ல கெடுறது இல்ல பாய். ரெண்டு மூணு வருஷமா வீங்கிட்டு இருந்திருக்கும். புத்தகம் அடுக்குற அலமாரிக்கு அடியில மூச்சு முட்ட வச்சிருக்கீங்களே" என்றார்.

கண்டன்சரின் பக்கவாட்டில் 105 டிகிரி என்று அச்சிட்டிருந்ததை மகன் படித்துக் காட்டினான். அது என்ன கணக்கு என்று அவரிடம் கேட்டான். அந்த அளவு வெப்பத்தில் நல்ல வகை ஒன்று 5000 மணி நேரம் தாங்கும், வெப்பம் 10 டிகிரி குறையும்தோறும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று அவர் சொன்னார். மகன் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். உள்ளே 65 டிகிரி வெப்பம் என்று கொண்டால் 80,000 மணி நேரம். அதாவது 9 ஆண்டுகள். எம் பெட்டி இரவும் பகலும் மின் இணைப்பில் இருந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1,13,880 மணி நேரம். அந்தத் தாளை அவன் எம்மிடம் காட்டவில்லை; விளக்கின் அருகில் வைத்துவிட்டு அமைதியாக நின்றான். நாமாகவே எட்டிப் பார்த்தோம்.

பென் டிரைவ் துளையில் தூசி மூடியிருந்தது. அதில் எவரும் எதையும் செருகிப் பல காலம் ஆகியிருந்தது.

அதே வாரம் மதரஸாவில் எம் மாணவர்களுக்கு இமாம் நவவியின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் 33ஆவது நபிமொழியை நடத்திக்கொண்டிருந்தோம். வழக்குத் தொடுப்பவர் மீதே ஆதாரம் காட்டும் பொறுப்பு உள்ளது, மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்று விளக்கும் நபிமொழி அது. மாணவர்கள் அதை மனனமும் செய்திருந்தார்கள். குற்றம் சாட்டிய எம்மிடம் ஓர் ஆதாரமும் இருக்கவில்லை. மறுத்தவன் சத்தியமும் செய்தான். அந்தச் சத்தியத்தையே மற்றொரு குற்றமாக அவன் மீது சுமத்தினோம். ஒரு காழியின் முன்னால் இந்த வழக்குப் போயிருந்தால் நாம் எழுந்து வெளியேற வேண்டியிருந்திருக்கும். எம் வீட்டுக் கூடத்தில் நாமே வாதி, நாமே காழி என்று இருந்ததால் தீர்ப்பு வேறாயிற்று.

புதிய கண்டன்சர்களை வாங்க மறுநாள் தூத்துக்குடிக்குப் பேருந்தில் சென்றோம். அண்ணாச்சி எழுதித் தந்த சீட்டில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி, மூன்று என்று இருந்தது. பழையவை 16 வோல்ட் வகை. வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. மைக்ரோஃபாரட் மாறக் கூடாது. பழைய குழியில் நிற்கும் பருமனாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். மூன்றும் சேர்த்து 45 ரூபாய்தான் ஆயிற்று.

திரும்பி வருகையில், முள்ளக்காட்டு உப்பளங்களைக் கடந்து பேருந்து வந்துகொண்டிருந்தபோது வாப்பாவின் உரை நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் கேட்டதால் அது எமக்கு மனப்பாடம். கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் வசனமே, அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனமே, திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பதைச் சொல்லித் தொடங்குவார்கள். பணக்கடனைப் பற்றிப் பேசிவிட்டு, முடிவில் மானக்கடனுக்கு வருவார்கள். ஒருவருடைய மானத்துக்கு ஊறு செய்தவர், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன் இன்றே அவரிடம் பொறுப்புத் தேடிக்கொள்ளட்டும் என்ற கருத்தமைந்த நபிமொழி புகாரியில் உள்ளது. அதை எடுத்துக் காட்டி, பிள்ளைகளிடம் பட்ட கடனையும் கணக்கில் சேருங்கள் என்று வாப்பா முடிப்பார்கள். அந்தப் பதிவைக் காப்பாற்றுவதற்காகவே பேருந்தில் அமர்ந்திருந்த நாம், அதில் உள்ள செய்தியை நிறைவேற்றாமல் அமர்ந்திருந்தோம்.

முதலில் பெட்டி சரியாகட்டும், பதிவு கிடைத்த மகிழ்ச்சியில் மகனிடம் இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம் என்று மனம் ஒரு வழி காட்டியது. அது சரியான வழியாகத் தோன்றவில்லை. பதிவு கிடைக்காமலே போனாலும் அவனுடைய உரிமை அவனுக்குச் சேர வேண்டியதுதான். மகிழ்ச்சியான நேரத்தில் கேட்டால் மறுக்க இயலாமல் அவன் தலையசைப்பான். அது அவனுக்கு மறுபடியும் செய்யும் அநீதி. அன்றியும், எல்லோர் முன்னிலையிலும் கடிந்துவிட்டு மாடிப்படியில் தனியாக மன்னிப்புக் கேட்பது கடனில் பாதியைக்கூடத் தீர்க்காது.

அன்றிரவு இஷாவுக்குப் பின் எல்லோரும் உண்ண அமர்ந்தபோது சொன்னோம். "உன் மீது வீண்பழி சுமத்தினேன். நீ சொன்னது உண்மை. உன் சத்தியத்தையும் இழிவாகப் பேசினேன். அல்லாஹ்வுக்காக என்னைப் பொறுத்துக்கொள்" என்றோம். வெளியில் ஆயிரம் பேர் முன்னிலையில் பயான் செய்திருக்கிறோம். அந்த நான்கு வாக்கியங்களைச் சொல்ல நா வறண்டது. இளைய பிள்ளைகள் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் எம்மையே பார்த்தார்கள். உம்மா எதுவும் சொல்லவில்லை.

"பரவாயில்லை வாப்பா" என்றான் மகன். அவ்வளவுதான். பிறகு மீன் ஆணத்தை எடுத்துத் தம்பிக்கு ஊற்றினான். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். அதன் பின்னும் இரண்டு வாரங்கள் எம்மிடம் கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னான். கண்டன்சர் வீங்க ஆண்டுகள் ஆனது போல், ஒரு பிள்ளையின் மனத்தில் ஏற்பட்ட வீக்கம் வடியவும் நாட்கள் ஆகும் என்று நாம் பொறுத்திருந்தோம்.

அடுத்த நாள் அண்ணாச்சி வந்தார். அவருடைய கைகளில் முதுமையின் நடுக்கம் இருந்தது. பற்றவைக்கும் வேலையை மகனிடம் தந்துவிட்டு அருகில் அமர்ந்து சொல்லிக் கொடுத்தார். பழைய கண்டன்சரின் கால்களில் உள்ள ஈயத்தைச் சூடாக்கி உருக்கி எடுப்பது, பலகையின் செம்புத் தடம் உரியாதபடி மெல்ல இழுப்பது, புதியதன் பக்கவாட்டில் கோடு போட்ட காலை எதிர்முனைக் குழியில் இறக்குவது, ஈயம் பளபளப்பாகப் பரவும்வரை மட்டும் சூடு காட்டுவது. திசை மாற்றி வைத்தால் கண்டன்சர் வெடிக்கும் என்று எச்சரித்தார். இம்முறை விளக்குப் பிடித்தது நாம்.

ஹார்டு டிஸ்கை இணைத்து மின்சாரம் தருமுன் அண்ணாச்சி ஒன்று சொன்னார். டிஸ்கும் பெட்டியின் வயதுதான். இன்னும் எத்தனை முறை சுழலும் என்று தெரியாது. பெட்டி வேலை செய்தால் உடனே பதிவை வேறிடத்துக்கு மாற்றுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்றார். மகன் இதை முன்கூட்டியே யோசித்திருந்தான். பெட்டியின் பின்புறம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறத் துளைகள் உண்டு. அவற்றின் வழியே வரும் படத்தையும் ஒலியையும் கணினியில் பிடித்துப் பதியும் சிறு கருவியை நண்பனிடம் இரவல் வாங்கி வந்திருந்தான். பூட்டிய டிஸ்கைத்தான் கணினியால் படிக்க முடியாது. பெட்டியே திறந்து காட்டும் படத்தைப் பதிய முடியும்.

பிஸ்மில்லாஹ் சொல்லி மகனே சுவிட்சைப் போட்டான். சிவப்பு, பிறகு பச்சை. டிஸ்க் சுழலும் ஓசை எழுந்து, உயர்ந்து, நிலைத்தது. மீட்டரில் 12 வோல்ட் அசையாமல் நின்றது. சில நிமிடங்களில் பதிவுகளின் பட்டியல் திரையில் வந்தது. உம்மா உள்ளறையிலிருந்து வந்து நாற்காலியில் அமர்ந்தார்கள்.

வாப்பா ஸலாம் சொன்னார்கள். உம்மா பதில் ஸலாம் சொன்னார்கள்.

14ஆவது நிமிடத்தில் படம் உறைந்தது. கூடத்தில் எவரும் மூச்சு விடவில்லை. டிஸ்கில் அந்த இடம் பழுதாகியிருக்கும், தாண்டிப் போ என்றார் அண்ணாச்சி. மகன் ரிமோட்டால் சற்றே முன்னோக்கி நகர்த்தினான். வாப்பா மறுபடியும் பேசினார்கள். ஏறக்குறைய 40 நொடிகள் போய்விட்டன. இருமலும் தொப்பியும் தண்ணீர்க் குவளையும் 17ஆவது நிமிடத்தில் இருந்தன. அவை பழுதின்றி வந்தன. உம்மா முன்னால் சாய்ந்தார்கள்.

22 நிமிட உரையைப் பதிய 22 நிமிடங்கள் ஆயின. அதன் ஒரு நகல் துபையில் உள்ள காக்காவுக்குப் போயிற்று. ஒன்று கணினியிலும் ஒன்று தனி டிஸ்கிலும் இருக்கின்றன. தொலைந்த 40 நொடிகளில் வாப்பா சொன்னது எமக்கு மனப்பாடம் என்பதால், அதை ஒரு தாளில் எழுதி வைத்தோம்.

அண்ணாச்சி கூலியாக எதுவும் வாங்க மறுத்தார். ரமலானில் கஞ்சி மட்டும் கொடுத்தனுப்புங்கள் என்றார். அந்த ரமலான் முழுவதும் அஸருக்குப் பின் எம் மகன் மிதிவண்டியில் ஆறுமுகநேரிக்குக் கஞ்சி கொண்டு போனான். கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், நோன்பு திறக்கும் நேரம் நெருங்கும்வரை கடையில் அமர்ந்து பழுது பார்ப்பதைக் கற்றுக்கொண்டான்.

வாசகர்களுக்கு எம் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். இத்தகைய பெட்டிகளை அலமாரிக்குள் நெருக்கி வைக்காதீர்கள். மேலேயும் பக்கவாட்டிலும் காற்று புக இடம் விடுங்கள். அதன் மீது துணியோ வேறு கருவியோ வேண்டா. படம் அடிக்கடி உடைவதும் பெட்டி தானாகவே அணைந்து எழுவதும் முன்னெச்சரிக்கைகள். அப்போதே முக்கியமான பதிவுகளை நகலெடுத்துவிடுங்கள். கணினி ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டா என்று சொல்லுங்கள். மின்சார வேலை பழகாதவர்கள் மூடியைத் திறக்காதீர்கள், அறிந்தவரை அழையுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உயிருடன் இருக்கையிலேயே அவர்களுடைய குரலை ஒன்றுக்கு இரண்டு இடங்களில் பதிந்து வையுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் செருப்பைத் தாமே தைப்பார்கள், ஆடையின் கிழிசலைத் தாமே சரிசெய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். 45 ரூபாயில் சீராகும் ஒன்றைத் தூக்கி எறிவது வீண்விரயத்தின் வாசலில் நிற்பது என்பதை இதுகாறும் மாணவர்களுக்குச் சொல்லி வந்தோம். இப்போது செய்தும் பார்த்தோம்.

33ஆவது நபிமொழியின் பாடத்தை மதரஸாவில் மறுபடியும் ஒரு நாள் நடத்தினோம். உதாரணமாக எம் வீட்டில் நடந்ததையே சொன்னோம். மகனிடம் அனுமதி கேட்ட பிறகே சொன்னோம். ஒரு சிறுவன் எழுந்து, உஸ்தாத், ஆதாரம் இல்லாமல் எங்களையும் அப்படித் திட்டியிருக்கிறீர்களா என்று கேட்டான். இருக்கலாம் என்றோம். அப்படி எவரேனும் இருந்தால் வந்து சொல்லுங்கள், பொறுப்புத் தேடிக்கொள்கிறேன் என்றோம். பாடம் முடிந்ததும் இரண்டு பேர் வந்தார்கள்.

பெட்டி இன்றும் ஓடுகிறது. அலமாரிக்கு வெளியே, காற்றுப்படும் இடத்தில் வைத்திருக்கிறோம். மஃரிப் பாங்கு ஒலித்ததும் மகன் அதை நிறுத்திவிட்டு எம்மோடு பள்ளிக்கு நடந்து வருகிறான்.

நம் நாவால் நம் பிள்ளைகளுக்கு இழைத்த அநீதிகளை இம்மையிலேயே தீர்த்துக்கொள்ளும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. எம் வாப்பாவின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.